'10 க்ளோவர்ஃபீல்ட் லேன்' பார்த்துவிட்டு வாதாடுகிறீர்களா? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

இந்தப் படத்தைப் பார்த்த இரண்டு பேர் ஒரே அறையில் இருந்தால் வாதம் வராமல் போகாது. அந்த ஆள் சொன்னது கடைசியில் உண்மைதானே, பிறகு ஏன் அவனை வில்லன் என்கிறீர்கள் என்று ஒருவர் ஆரம்பிப்பார். காப்பாற்றுகிறவன் எதற்காகக் காலில் விலங்கு மாட்ட வேண்டும் என்று இன்னொருவர் கேட்பார். கொஞ்ச நேரத்தில் பேச்சு வேற்றுக்கிரகவாசிகள் பக்கம் திரும்பிவிடும். அடைபட்டுக் கிடந்த பெண்ணை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அது எனக்குப் பொறுப்பதில்லை. அதனால்தான் இந்தப் பட்டியல்.

படம் 2016 மார்ச்சில் வெளிவந்தது. டான் டிராக்டன்பெர்க் இயக்கிய முதல் முழுநீளப் படம், தயாரிப்பு ஜே. ஜே. ஏப்ரம்ஸின் பேட் ரோபாட். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நடக்கிற கதை. மிஷெல் (மேரி எலிசபெத் வின்ஸ்டெட்) நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் காரில் கிளம்புகிறாள். இருட்டில் விபத்து. கண் விழிக்கும்போது ஜன்னல் இல்லாத கான்கிரீட் அறையில் கிடக்கிறாள். கையில் டிரிப்ஸ், அடிபட்ட காலில் கட்டு, அந்தக் காலைச் சுவரோடு பிணைத்து ஒரு விலங்கு. ஹோவர்ட் (ஜான் குட்மேன்) சாப்பாட்டோடு வருகிறான். வெளியே பெரிய தாக்குதல் நடந்துவிட்டது, காற்றே விஷம், உன்னை நான்தான் காப்பாற்றினேன் என்கிறான். நிலத்துக்கடியில் அவன் வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய பதுங்கு அறை அது. மூன்றாவதாக எம்மெட் என்ற இளைஞனும் (ஜான் கேலகர் ஜூனியர்) உள்ளே இருக்கிறான். படத்தின் பெரும்பகுதி இந்த மூன்று பேரோடும் நான்கு சுவர்களோடும் நகர்கிறது.

இனி வருவதில் கதை முழுக்க உடைபடும். படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, பார்த்த பிறகு வாருங்கள். ஒரு மணி நாற்பத்து மூன்று நிமிடம்தான்.

செய்ய வேண்டியவை

இரண்டு கேள்விகளைப் பிரித்து வையுங்கள்.

வெளியே ஆபத்து இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. மிஷெலை அடைத்துவைக்க ஹோவர்டுக்கு உரிமை உண்டா என்பது வேறு கேள்வி. வாதம் குழம்புவதெல்லாம் முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதின் தலையில் ஏற்றுவதால்தான். முதல் கேள்விக்குப் படம் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லிவிடுகிறது: ஆபத்து இருக்கிறது, அவன் ஊகித்ததைவிடப் பெரிதாகவே இருக்கிறது. அதனால் விலங்கு நியாயமாகிவிடாது. தீப்பிடித்த வீட்டிலிருந்து ஒருத்தியை வெளியே தூக்கி வந்தவன், அந்த உதவிக்காக அவளைச் சாகும்வரை தன் வீட்டில் பூட்டி வைத்துக்கொள்ள முடியுமா?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் பழைய வரலாறு உண்டு. 1961 ஜூலையில், பெர்லின் நெருக்கடியின்போது, அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் அணு வீழ்படிவிலிருந்து தப்பும் பதுங்கு அறைகளைப் பற்றி நாட்டு மக்களிடம் பேசினார். அதன்பின் தோட்டத்தைத் தோண்டி அறை கட்டுவது ஊர்ப் பேச்சானது. உடனே ஓர் அறச் சிக்கல் எழுந்தது: குண்டு விழுகிற நாளில் பக்கத்து வீட்டுக்காரன் வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வது? ஏசு சபைப் பாதிரியார் எல். சி. மக்ஹியூ அந்தச் செப்டம்பரில் 'அமெரிக்கா' என்ற கத்தோலிக்க இதழில், தன் குடும்பத்துக்காகக் கட்டிய அறைக்குள் பலவந்தமாக நுழைகிறவர்களைத் தடுக்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு என்று எழுதினார். வாஷிங்டனின் எபிஸ்கோபல் ஆயர் ஆங்கஸ் டன் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். அதே மாதம் 29ஆம் தேதி, ராட் செர்லிங் எழுதிய 'தி ஷெல்டர்' என்ற கதை 'தி ட்வைலைட் ஸோன்' தொடரில் ஒளிபரப்பானது. வானத்தில் அடையாளம் தெரியாத பொருட்கள் வருவதாக வானொலி சொல்கிறது. தெருவில் ஒரே ஒரு மருத்துவர் வீட்டில்தான் பதுங்கு அறை இருக்கிறது. அன்று மாலை அவர் வீட்டில் விருந்து சாப்பிட்ட அதே அக்கம்பக்கத்தார் அதன் கதவை இடித்து உடைக்கிறார்கள். உடைத்து முடித்த நேரத்தில், வந்தவை வெறும் செயற்கைக்கோள்கள் என்று அறிவிப்பு வருகிறது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1961இன் கதையில் ஆபத்து பொய். ஆனாலும் அந்த அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் செய்துகொண்டது அழியவில்லை. 2016இன் படத்தில் ஆபத்து மெய். அதனாலேயே ஹோவர்ட் செய்தது கழுவப்பட்டுவிடவில்லை. ஆபத்து மெய்யா பொய்யா என்பது மனிதன் செய்ததன் கணக்கை மாற்றுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. அன்றைய சண்டை, உள்ளே வர வேண்டாம் என்று சொல்வதைப் பற்றியது. ஹோவர்டும் ஒரு பெண்ணை அப்படி வெளியே நிறுத்துகிறான். முகமெல்லாம் வெந்து கதவில் மோதுகிற அந்தப் பெண்ணை உள்ளே விட்டால் மூன்று பேரும் சாகலாம். அதைப் பற்றி இரண்டு பக்கமும் நேர்மையாக வாதாடலாம். ஆனால் உள்ளே இருப்பவளை, போகாதே என்று பூட்டுவதற்கு மக்ஹியூ பாதிரியார்கூட வாதம் தந்ததில்லை.

ஹோவர்ட் கையில் சாவி மட்டுமா இருக்கிறது என்று பாருங்கள்.

வானொலி அவனுடையது. காற்று வடிகட்டி அவனுடையது. துப்பாக்கி, சாப்பாடு, மருந்து எல்லாம் அவனுடையது. எல்லாவற்றுக்கும் மேலே, வெளியே என்ன நடந்தது என்கிற செய்தியும் அவனுடையதுதான். ரஷ்யர்கள், செவ்வாய்க்கிரகவாசிகள் என்று அவன் அடுக்குவதெல்லாம் ஊகம். ஆனால் அந்த ஊகத்தைச் சரிபார்க்க மற்ற இருவருக்கும் வழியில்லை. ஒரு வருடமோ இரண்டு வருடமோ உள்ளேயே இருக்க வேண்டும் என்று அவன் கணக்குச் சொல்கிறான். அணு வீழ்படிவின் கதிர்வீச்சு, நேரம் ஏழு மடங்காகும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறையும் என்பது பாதுகாப்புத் துறையினர் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கணக்கு. அதனால்தான் பனிப்போர்க் காலத்து அமெரிக்கக் கையேடுகள் இரண்டு வார ஏற்பாட்டைப் பற்றிப் பேசின. என்ன வெடித்தது என்றே தெரியாத ஒருவன் இரண்டு வருடம் என்றால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கேட்கிற உரிமையே இல்லாத இடத்தில் அவள் இருந்தாள் என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

விளையாட்டுக் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.

இந்தப் படத்தைப் பற்றி எதுவும் முடிவு செய்யுமுன் நான் எல்லோரையும் பார்க்கச் சொல்வது இந்தக் காட்சியைத்தான். மூவரும் சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஆடுகிறார்கள். எம்மெட் கையில் ஒரு அட்டை. அதிலிருப்பதை ஹோவர்ட் வாயிலிருந்து வரவழைக்க, மிஷெலைக் காட்டி இவள் யார் என்று கேட்கிறான். வர வேண்டியது 'பெண்' என்ற சாதாரணச் சொல். எதிரே வளர்ந்த பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஹோவர்டோ சிறுமி என்கிறான், குழந்தை என்கிறான், குட்டி இளவரசி என்கிறான். எம்மெட் எவ்வளவு தூண்டியும் அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. மிஷெலின் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைகிறது. அவன் தன்னை எந்த இடத்தில் உட்காரவைத்திருக்கிறான் என்பது அவளுக்கு அந்த நொடியில் உறைக்கிறது. மகள் மெகனைப் பற்றி அவன் ஓயாமல் பேசியது, அவளுடையது என்று உடை கொடுத்தது, சாப்பாட்டு மேஜையில் மிஷெல் எம்மெட்டின் கையைத் தொட்டதற்கு வெடித்தது, எல்லாம் அந்த ஒரு காட்சியில் ஒன்றுசேர்கின்றன.

அதே விளையாட்டில் ஹோவர்டின் முறையும் வரும். நான் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீ என்ன செய்கிறாய் என்று எனக்குத் தெரியும் என்று அவன் மிஷெலையும் எம்மெட்டையும் முறைத்துக்கொண்டே குறிப்புச் சொல்கிறான். தப்பிக்கத் திட்டம் போட்டிருக்கும் இருவருக்கும் மூச்சு நின்றுவிடுகிறது. விடை சான்டா கிளாஸ். குட்மேன் குரலை உயர்த்துவதே இல்லை. அடித்து உதைத்தால்தான் கொடுமை என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டு நிமிடத்தைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

மிஷெலின் கைகளைக் கவனியுங்கள்.

உடை வடிவமைப்பாளராக வர ஆசைப்பட்டவள் அவள். படம் இதை எங்கேயும் தம்பட்டம் அடிப்பதில்லை, கைகளைக் காட்டுகிறது. கொடுத்த ஊன்றுகோலைச் சீவிக் கூராக்குகிறாள். காற்றோட்டக் குழாயில் தீ மூட்டி அவனை வரவழைக்கிறாள். அவன் தலையில் பாட்டிலால் அடித்ததும் அவள்தான். பிறகு அந்தக் காயத்துக்குத் தையல் போடுவதும் அவள்தான். கடைசியில், குளியலறைத் திரையையும் ஒட்டுநாடாவையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் வைத்து விஷக்காற்றுக்கான முழு உடுப்பையும் முகமூடியையும் தைத்துவிடுகிறாள். தனக்குத் தெரிந்த தொழிலை வைத்துத்தான் அவள் வெளியே வருகிறாள். யாரும் வந்து மீட்கவில்லை.

கடையில் நடந்ததாக அவள் சொல்லும் சம்பவத்தையும் முடிவையும் சேர்த்து யோசியுங்கள். ஒரு தகப்பன் தன் சிறுமகளைக் கையைப் பிடித்து இழுத்து அடிப்பதைப் பார்த்தும் ஒன்றும் செய்யாமல் நின்றுவிட்டதாக எம்மெட்டிடம் சொல்கிறாள். சிறு வயதில் அவள் வீட்டிலும் அடி இருந்திருக்கிறது. கடைசிக் காட்சியில் கார் வானொலி இரண்டு வழி காட்டுகிறது: பேட்டன் ரூஜ் பக்கம் போனால் பாதுகாப்பு, ஹூஸ்டனில் உதவிக்கு ஆள் வேண்டும். அவள் வண்டியை ஹூஸ்டன் பக்கம் திருப்புகிறாள். படத்தின் முடிவு அந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது. வானத்தில் பறப்பதில் இல்லை.

எம்மெட்டுக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

வாதங்களில் அவன் பெயர் வருவதே அபூர்வம். அந்த அறையைக் கட்ட உதவியவன் அவன். தானாக விரும்பி, கை உடைந்தாலும் பரவாயில்லை என்று உள்ளே வந்தவன். அதனால் முதலில் மிஷெலைவிட ஹோவர்டை நம்புகிறான். அவனே பிறகு, உடுப்புக்காக ரகசியமாக எடுத்த கருவிகளுக்கான முழுப் பழியையும் தன்மேல் போட்டுக்கொள்கிறான். ஹோவர்ட் மன்னிப்பை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டுச் சுடுகிறான். ஹோவர்ட் நல்லவனா என்ற விவாதம் அந்தத் துப்பாக்கிச் சத்தத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

செய்யக்கூடாதவை

மிஷெலுக்கு 'ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்' என்று முத்திரை குத்தாதீர்கள்.

நடுவில் சில நாட்கள் அந்த வீடு வீடு மாதிரியே தெரியும். மூன்று பேரும் புதிர்ப்படம் சேர்க்கிறார்கள், பாட்டுப் பெட்டியில் பாட்டு ஓடுகிறது, படம் பார்க்கிறார்கள். உடனே சிலர், அவளுக்கு அவன்மேல் பாசம் வந்துவிட்டது, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரிந்தால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டார்கள்.

1973 ஆகஸ்ட் 23 முதல் 28 வரை ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் நோர்மால்ம்ஸ்டோர்க் சதுக்கத்தில் இருந்த வங்கியில் நான்கு ஊழியர்கள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். அவர்களில் ஒருவரான கிறிஸ்டின் என்மார்க், துப்பாக்கி வைத்திருந்தவர்களைவிடப் போலீஸ் அவசரப்பட்டு உள்ளே பாய்வதைப் பார்த்துப் பயந்தார். பிரதமர் ஓலோஃப் பால்மேக்கே தொலைபேசியில் அதைச் சொன்னார். போலீசுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்த மனநல மருத்துவர் நில்ஸ் பெயரோட் இதை ஒரு நோய்க்கூறாக விளக்க, அந்தப் பெயர் உலகமெங்கும் பரவியது. உயிர் பிழைக்க என்ன வழி என்று தெளிவாக யோசித்த ஒரு பெண்ணின் பேச்சு, நோயின் பெயராகிவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம். கையேட்டில் இன்றுவரை அப்படி ஒரு நோய் இல்லை.

மிஷெல் சிரிப்பதும் விளையாடுவதும் பாசத்தால் என்று யார் சொன்னது? அவன் முன்னால் சிரித்த அவளேதான் பிறகு அவனுக்குத் தெரியாமல் உடுப்பைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

'நானாக இருந்தால் முதல் நாளே ஓடியிருப்பேன்' என்று சொல்லாதீர்கள்.

அவள் ஓடினாள். சாவியைக் கைப்பற்றி, அவனை அடித்துப்போட்டு, கதவுவரை ஓடினாள். கதவுக் கண்ணாடிக்கு அப்பால் வெந்துபோன முகத்தைப் பார்த்ததால் நின்றாள். நாம் சோபாவில் உட்கார்ந்து எடுக்கிற முடிவும் அந்த வாசலில் நின்று எடுக்கிற முடிவும் ஒன்றல்ல.

ஆஸ்திரியாவின் நட்டாஷா கம்பூஷைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது புரியும். 1998 மார்ச்சில், பள்ளிக்குப் போகும் வழியில் கடத்தப்பட்டபோது அவருக்கு வயது 10. 3,096 நாட்கள். அதில் நெடுங்காலம் ஒரு கராஜுக்கு அடியில் இருந்த சிறிய அறையில் கழிந்தது. பின்னாட்களில் கடத்தியவன் அவரை வெளியே கூட்டிக்கொண்டும் போயிருக்கிறான், பனிச்சறுக்கு மலைக்குக்கூட. அப்போதே ஏன் ஓடவில்லை என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். 2006 ஆகஸ்ட் 23 அன்று தோட்டத்தில் அவனுடைய காரை வேக்வம் கிளீனரால் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அவனுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. இயந்திரச் சத்தம் தாங்காமல் அவன் தள்ளிப் போனான். அவர் ஓடினார். எட்டு வருடத்துக்குப் பிறகு அந்த நொடிதான் அவருக்குச் சரியான நொடியாகத் தெரிந்தது. அதைத் தீர்மானிக்கிற தகுதி அவரைத் தவிர வேறு யாருக்கும் இல்லை. ஸ்டாக்ஹோம் முத்திரையை அவரும் திட்டவட்டமாக மறுத்திருக்கிறார்.

திரையில் வராத பெண்ணை மறக்காதீர்கள்.

காற்று வடிகட்டி நின்றுபோகிறது. குழாய் வழியாக ஊர்ந்துபோகிற அளவுக்கு உடம்பு மிஷெலுக்குத்தான். அந்தக் கோடியில் உள்ள அறையில், மேலே ஒரு கண்ணாடிச் சாளரம், உள்பக்கம் பூட்டு. கண்ணாடியில் உதவி கேட்டு ஒரு சொல் கீறப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து கீறியதல்ல, உள்ளேயிருந்து. பக்கத்தில் இரத்தம் காய்ந்த ஒரு காதணி. மெகன் என்று சொல்லி ஹோவர்ட் காட்டிய புகைப்படத்தைப் பார்த்த எம்மெட், இது மெகனே இல்லை, பிரிட்டனி, ஊரில் இரண்டு வருடத்துக்கு முன் காணாமல் போன பெண் என்கிறான். ஊரை விட்டு ஓடிவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அவளை ஹோவர்ட் கொன்றானா என்று படம் நேராகக் காட்டுவதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, நிரூபணம் இல்லையே என்று அவனுக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. சந்தேகத்தின் பலனை அவனுக்குத் தருகிறவர்கள், ஒரு பெண் பிள்ளை அந்தக் கண்ணாடியைக் கீறிக்கொண்டு நின்றாள் என்பதற்கு என்ன விளக்கம் தருகிறார்கள்? அப்போது வெளியே எந்தத் தாக்குதலும் இல்லை. காற்று சுத்தமாக இருந்தது. உலகம் முடிந்ததால்தான் ஹோவர்ட் அடைத்துவைத்தான் என்கிற வாதம் முழுவதும் அந்தக் கீறலில் உடைந்துபோகிறது. உலகம் முடிவதற்கு இரண்டு வருடம் முன்பே அவன் ஒருத்தியை அடைத்துவைத்திருந்தான்.

அவனுடைய சோகத்தை அவனுக்கு வக்கீலாக்காதீர்கள்.

குடும்பம் விட்டுப் போனவன், தனிமை, கடற்படையில் வேலை பார்த்தவன், யாரும் நம்பாத எச்சரிக்கையைச் சொல்லிச் சொல்லி அலுத்தவன். எல்லாம் சரி. தமிழ்ப் பார்வையாளர்களான நமக்கு இந்த இடத்தில் ஒரு பழைய சறுக்கல் இருக்கிறது. 1980இல் வந்த பாலு மகேந்திராவின் 'மூடுபனி'யில் பிரதாப் போத்தன் பாத்திரம் ஷோபாவைக் கடத்தி மலை வீட்டில் வைத்திருக்கும். 1991இன் 'குணா'வில் கமல் பாத்திரம் குகைக்குக் கொண்டுபோகும். இரண்டுமே நான் மதிக்கிற படங்கள். ஆனால் அவற்றைப் பற்றி நாம் பேசிய பேச்சில், கடத்தியவனின் காயத்துக்குக் கிடைத்த நேரம் கடத்தப்பட்டவளின் பயத்துக்குக் கிடைத்ததில்லை. டிராக்டன்பெர்க் அந்தத் தராசைத் திருப்பி வைக்கிறார். கேமரா கடைசிவரை மிஷெலோடுதான் இருக்கிறது. அவள் பார்க்காதது எதையும் நாமும் பார்ப்பதில்லை. பேசும்போது நாமும் அங்கேயே நிற்கலாம்.

முன்னேற்பாடு செய்கிறவர்களையெல்லாம் ஹோவர்ட் ஆக்காதீர்கள்.

இது எதிர்ப் பக்கத்தாரின் தவறு. வீட்டில் தண்ணீரும் டின் உணவும் சேர்த்து வைக்கிறவர் பைத்தியக்காரர் இல்லை. கதை நடக்கிற லூசியானாவிலேயே 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸின் கரைகள் உடைந்து, நகரின் பெரும்பகுதி மூழ்கியது. கூரைமேல் ஏறி நின்று உதவிக்குக் காத்திருந்தவர்களை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது ஏறக்குறைய 3.8 லிட்டர், என்ற கணக்கில் சில நாட்களுக்குத் தண்ணீர் எடுத்து வையுங்கள் என்று அமெரிக்க அரசே மக்களுக்குச் சொல்கிறது.

ஈழத்து வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. போர்க்காலத்தில் வீட்டு வளவில் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண் மூட்டை போட்டு மூடிய பங்கருக்குள் உயிரைக் காத்துக்கொண்ட குடும்பங்கள் எத்தனை! ஷெல் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதற்குள்தான் ஓடி வந்தார்கள். சத்தம் ஓய்ந்தால் எல்லோரும் வெளியே வந்தார்கள். பதுங்கும் இடத்துக்கும் சிறைக்கும் உள்ள வேறுபாடு இதற்குமேல் தெளிவாக இருக்க முடியாது.

வேற்றுக்கிரகவாசிகள் வருகிற கடைசிப் பதினைந்து நிமிடத்தை வைத்து மொத்தப் படத்தையும் தூக்கிப் போடாதீர்கள். முதலில் இது 'தி செல்லர்' என்ற தனிக்கதை. ஜோஷ் காம்பெலும் மேத்யூ ஸ்டூக்கனும் எழுதி, டேமியன் ஷசெல் செப்பனிட்டது. பிறகுதான் 2008இன் 'க்ளோவர்ஃபீல்ட்' பெயருக்குள் வந்தது. ஒட்டுப் போட்டது தெரிகிறது என்கிறவர்களோடு நான் சண்டைக்கு வர மாட்டேன். அந்த விண்கலம் வராமலே படம் முடிந்திருந்தால் இன்னும் இறுக்கமாக இருந்திருக்கும் என்பதே என் கருத்தும்.

படம் பார்க்காத நண்பர் பக்கத்தில் இருந்தால் வாயைத் திறக்காதீர்கள். 2016 ஜனவரியில் முன்னோட்டம் வரும்வரை 'க்ளோவர்ஃபீல்ட்' பெயரில் இப்படி ஒரு படம் வரப்போகிறது என்பதே பொதுமக்களுக்குத் தெரியாது. அவ்வளவு பாடுபட்டு மறைத்ததை நாம் ஒரு வரியில் போட்டு உடைக்க வேண்டாம்.

'வெளியே காலம் கெட்டுக் கிடக்கிறது' என்ற வாதத்தை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள்.

ஹோவர்டுக்காகப் பேசுகிறவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால், அந்தக் குரல் நமக்குப் புதிதாக இருக்காது. அவளுடைய நன்மைக்குத்தான். வெளியே போனால் என்ன ஆகும் என்று தெரியாதா? சாப்பாட்டுக்குக் குறையா, துணிக்குக் குறையா, நன்றி இல்லாதவள். கல்லூரிக்குப் போன பெண்ணின் கைப்பேசியைப் பிடுங்கி அறையில் அடைத்த வீடுகளிலும் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். வேலைக்குப் போக வேண்டாம் என்று மனைவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறவனும் இதையேதான் சொல்கிறான். வெளியே ஆபத்து இருப்பது உண்மைதான். பேருந்தில் இருக்கிறது, தெருவில் இருக்கிறது. ஆனால் இந்தியச் சட்டத்தில் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடைத்துவைப்பது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்திலும் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவிலும் இருக்கிறது. அடைத்தவர் தகப்பன், கணவன் என்பதற்காகச் சட்டம் விலக்குத் தருவதில்லை.

இந்தப் படத்தை நாலு பேராக உட்கார்ந்து பேசும்போது, அந்த நாலில் ஒருவர் மௌனமாக இருக்கலாம். பூட்டிய அறை எப்படி இருக்கும் என்று அவருக்குப் படம் பார்க்காமலே தெரிந்திருக்கலாம். அவர் முன்னால் ஹோவர்டுக்காக வாதாடி ஜெயிக்க வேண்டாம். அப்படி ஒருவர் உங்கள் தெருவிலோ உறவிலோ இருப்பது தெரிந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். தமிழ்நாட்டில் அது இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது.